செல்போன் கதிர்வீச்சும் நோய் எதிர்ப்பாற்றலும்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். பெற்றோர் கூட்டத்திலும், மீன் ஏலம் முடிந்து ஓய்ந்திருக்கும் நேரத்திலும், ஊருக்குள் புதிதாக ஒரு டவர் எழும்போதும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒருசேர எழுதி வைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆகவே மருத்துவம் சார்ந்த இடங்களில் மருத்துவ உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்டவற்றை மட்டுமே சொல்கிறேன்.

கதிர்வீச்சு என்றாலே ஆபத்துதானே? கூடங்குளத்தில் பேசப்படும் கதிர்வீச்சும் டவரிலிருந்து வருவதும் ஒன்றா?

இந்தக் குழப்பத்தில் பாதிக்கு நம் சொற்களே காரணம். அணுக்கரு தானாகச் சிதைந்து துகள்களையும் காமா கதிரையும் உமிழ்வதற்குக் கதிரியக்கம் என்று பெயர். கதிர்வீச்சு என்பது அதைவிட மிக விரிந்த சொல். அடுப்புத் தணலின் வெப்பம், விளக்கின் ஒளி, வானொலி அலை ஆகிய அனைத்தும் கதிர்வீச்சுகளே. செய்தித்தாள்கள் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி எழுதுவதால், டவரைப் பார்த்தவுடன் அணு உலை நினைவுக்கு வருவது இயல்பாகிவிட்டது.

வேறுபாடு ஆற்றலின் சிப்பத்தில் இருக்கிறது. மின்காந்த அலை தன் ஆற்றலை ஃபோட்டான் என்னும் சிறு சிறு சிப்பங்களாகத்தான் கொடுக்கிறது. ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அதை அயனியாக்கச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் தேவை. செல்போன் பயன்படுத்தும் 2000 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சிப்பத்தில் இருப்பதோ ஏறத்தாழ 0.000008 எலக்ட்ரான் வோல்ட், அதாவது பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. நம் உடலின் இயல்பான சூட்டினால் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் ஆற்றல்கூட இதைவிட மூவாயிரம் மடங்கு அதிகம். எனவே எக்ஸ் கதிரைப் போல இது மரபணுவை நேரடியாக உடைக்க வழியில்லை.

ஆனால் இதை வைத்தே "எந்த விளைவும் இருக்க முடியாது" என்று முடித்துவிடுவதும் முறையாகாது. சிப்பங்கள் சிறியவையாக இருந்தாலும் கோடிக்கணக்கில் வந்தால் சூடு உண்டாகும். மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கொண்டுதான் சோற்றைச் சூடாக்குகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு செறிவில், எவ்வளவு நேரம் என்பதாகும்.

சூடு நோய் எதிர்ப்பாற்றலைப் பாதிக்குமா?

பாதிக்கும். இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. விலங்குகளின் உடல் வெப்பம் உயரும் அளவுக்கு மைக்ரோவேவ் அலையைச் செலுத்திய ஆய்வுகளில், இரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை மாறியது. கிருமி தாக்கிய செல்லைக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்களின் வேகம் குறைந்தது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்கள் கூடின. அலையை நிறுத்திய பிறகு இவற்றில் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பின. நண்பகல் வெயிலில் உப்பளத்தில் நின்று வேலை செய்பவரின் உடலும் சூட்டை எதிர்த்துப் போராடும்போது இதை ஒத்த மாற்றங்கள் சிலவற்றைக் காட்டும்.

முழு உடலும் ஒரு கிலோ எடைக்கு சுமார் 4 வாட் வீதம் அலையை உள்வாங்கினால்தான் உடல் வெப்பம் ஒரு டிகிரி அளவுக்கு உயரும் என்று கணக்கிட்டு, அதில் 50இல் ஒரு பங்கான 0.08 வாட்டைப் பொதுமக்களுக்கான வரம்பாக அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் வைத்திருக்கிறது. 1998இல் வெளியிட்ட இந்த வழிகாட்டுதலை அது 2020இல் புதுப்பித்தபோதும் இந்த எண் மாறவில்லை. செல்போனோ டவரோ நம் உடல் முழுவதையும் சூடாக்கும் நிலைக்கு அருகில்கூட வருவதில்லை.

சூடு உண்டாகாத குறைந்த அளவிலும் பாதிப்பு இருப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றனவே?

வந்திருக்கின்றன. அவற்றை மறைத்துப் பேசுவோரை நான் மதிப்பதில்லை. இந்தப் பக்கத்தில் மற்ற எதையும்விட இந்த விடையைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சோவியத் நாட்டில், எலிகளைக் குறைந்த செறிவுள்ள மைக்ரோவேவ் அலையில் நாளுக்கு 7 மணி நேரம், 30 நாள் வைத்திருந்த பிறகு, அவற்றின் இரத்தத்தில் தம் சொந்த மூளைத் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றியதாக ஆய்வுகள் வெளிவந்தன. எதிர்ப்பாற்றல் என்னும் காவலாளி வீட்டுக்காரரையே அடிக்கத் தொடங்குவதைப் போன்ற நிலை அது. தன்னுடல் தாக்கு நோய்கள் இப்படித்தான் உண்டாகின்றன. சோவியத் நாடு மேற்கு நாடுகளைவிட மிகக் கடுமையான வரம்பை வகுத்ததற்கு இத்தகைய ஆய்வுகள் அடிப்படையாக இருந்தன.

உலகின் ஒரு பாதி ஒரு வரம்பையும் மறு பாதி வேறொரு வரம்பையும் வைத்திருப்பது சரியில்லை என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் ஊக்கத்துடன் அதே ஆய்வை நவீனக் கருவிகளைக் கொண்டு ரஷ்யாவிலும் பிரான்சிலும் திரும்பச் செய்தார்கள். இரு இடத்திலும் 2450 மெகாஹெர்ட்ஸ் அலை, கிலோவுக்கு 0.16 வாட், அதே 7 மணி நேரம், அதே 30 நாள். 2009இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் எந்த மாற்றமும் தென்படவில்லை. 2010இல் வெளிவந்த ரஷ்ய ஆய்வோ பழைய முடிவின் ஒரு பகுதி உறுதியாவதாகக் கூறியது. ஆனால் கண்ட மாற்றங்கள் சிறியவை. ஒரே சமையல் குறிப்பை வைத்து இரு வீட்டில் சமைத்து, ஒரு வீட்டில் மட்டும் குழம்பு கசந்தால், கசப்பு குறிப்பில் இருக்கிறதா பாத்திரத்தில் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? அறிவியல் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

போலந்தின் ஸ்டனிஸ்வாவ் ஸ்மிகெல்ஸ்கி இத்துறையில் நீண்ட காலம் உழைத்தவர். குறுகிய கால வெளிப்பாடு எதிர்ப்பாற்றலின் சில கூறுகளைத் தற்காலிகமாகத் தூண்டக்கூடும் என்றும், நீண்ட கால வெளிப்பாடு அதே கூறுகளைத் தணிக்கக்கூடும் என்றும் 2013இல் எழுதிய தொகுப்புக் கட்டுரையில் அவர் கருதினார். ஆயினும் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதையும், அவை மனிதனின் உடல்நலத்தில் என்ன பொருள்படும் என்று உறுதியாகக் கூற முடியாமையையும் அவரே குறிப்பிட்டார். ஸ்வீடனின் ஒல்லே யோஹான்சன் 2009இல் எழுதிய கட்டுரையிலோ, பாதிப்பு உண்டு, வரம்புகள் போதா என்ற கருத்து மேலோங்கி நிற்கிறது. தமிழில் சுற்றிவரும் எச்சரிக்கைச் செய்திகள் பலவும் இத்தகைய கட்டுரைகளின் ஒருபக்க வரிகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

நிரூபிக்கப்பட்ட பாதிப்பு என்றால் அது எப்படி இருக்கும்?

இதற்கு நம் தலைக்கு மேலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. 1970களில் அமெரிக்காவின் மார்கரெட் கிரிப்கே, புற ஊதாக் கதிரால் எலிகளுக்கு உண்டான தோல் கட்டியை எடுத்து வேறு எலிகளுக்குப் பொருத்திப் பார்த்தார். நலமான எலிகளின் உடல் அக்கட்டியை ஏற்காமல் அழித்தது. முன்பே புற ஊதாக் கதிர் பட்டிருந்த எலிகளிலோ கட்டி தடையின்றி வளர்ந்தது. பிறகு எத்தனையோ ஆய்வகங்கள் இதை வெவ்வேறு முறைகளில் திரும்பச் செய்து அதே திசையில் முடிவு கண்டன. கதிர் கூடினால் பாதிப்பு கூடுவதும், தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் குறைவதும், மரபணுவில் ஏற்படும் சேதம் அதற்கு வாயிலாக அமைவதும் தெளிவாகின. மனிதரிலும் இதைக் காணலாம்: கடும் வெயிலில் அலைந்து வந்த சில நாட்களில் உதட்டோரம் கொப்புளம் போடுவது, உள்ளே உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் காவல் தளர்ந்தபோது எழுந்துவிட்டதன் அடையாளம்.

திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு, அளவுக்கேற்ற விளைவு, விளங்கும் வழிமுறை, மனிதரில் காணும் அடையாளம் என நான்கும் இங்கே கூடி நிற்கின்றன. செல்போன் அலையின் விஷயத்தில் இந்த நான்கில் ஒன்றுகூட இதுவரை உறுதியாகக் கைக்கு வரவில்லை. கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் டவரைக் குறித்து என்னிடம் கேட்கும்போதெல்லாம், தலைக்குத் துணியும் கைக்கு நீளச் சட்டையும் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

ஒவ்வாமையும் தோல் அரிப்பும் செல்போனால் கூடுமா?

ஜப்பானின் ஹஜிமே கிமாடா 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தோல் அழற்சி நோய் உள்ளவர்கள் செல்போனைச் சிறிது நேரம் பயன்படுத்திய பிறகு, ஒவ்வாமைச் சோதனையில் அவர்களின் தோல் தடிப்பு பெரிதாயிற்று என்பது அதன் முடிவு. ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர். பெரிய அளவில், வேறு குழுக்களால் இது உறுதி செய்யப்படவில்லை. காதோரம் அரிப்பு இருந்தால் போன் உறையிலும் விளிம்பிலும் உள்ள நிக்கலைச் சந்தேகிப்பது முதல் வேலை. அந்த உலோகம் தோலில் ஒவ்வாமை உண்டாக்குவது நன்கு அறியப்பட்டது.

உலக சுகாதார நிறுவனமே இதைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டதே?

அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் வானொலி அலைகளை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது உண்மை. மூளைக் கட்டி, செவி நரம்புக் கட்டி பற்றிக் கிடைத்த, உறுதியற்ற சில சான்றுகளே அதற்குக் காரணம். நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றி அது எதையும் முடிவு செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளைத் திரட்டி 2024இல் வெளியான தொகுப்பாய்வு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது.

கொரோனா பரவியதற்கு 5ஜிதான் காரணம், அது எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிட்டது என்றார்களே?

அந்தச் செய்தி நம் கரையிலும் வாட்ஸ்அப் வழியே வீடு வீடாகச் சென்றது. இந்தியாவில் இரண்டாம் அலை உயிர்களைக் கொள்ளைகொண்டது 2021 ஏப்ரல், மே மாதங்களில். 5ஜி சேவை தொடங்கப்பட்டதோ 2022 அக்டோபர் 1ஆம் நாள். வராத மருமகள் மீது பழி போடுவதைப் போன்றதுதான் இது. இங்கிலாந்தில் இதே வதந்தியால் 2020இல் டவர்களுக்குத் தீ வைத்தார்கள். அந்த நாட்களில் தடுப்பூசிக்கு வர மறுத்த முதியவர்களை எனக்குத் தெரியும் என்பதால், இந்தப் பொய்யை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

5ஜியில் புதிதாகக் கவலைப்பட எதுவும் இல்லையா?

இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸிலும் 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் இயங்குகிறது. இவை பழைய அலைகளின் அண்டை வீட்டுக்காரர்களே. ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலை வேறு வகை. அது தோலுக்குள் சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே செல்லும். எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல் ஆகிய எதிர்ப்பாற்றலின் பெரிய பட்டறைகள் எதையும் எட்டாது. ஆனால் தோலிலும் எதிர்ப்பாற்றல் செல்கள் உண்டு என்பதை மேலே பார்த்தோம். இந்த உயர் அலைகளில் நடந்த தரமான ஆய்வுகள் குறைவு. ஆகவே மேலும் ஆய்வு வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

எங்கள் வீட்டை ஒட்டியே டவர் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

டவரின் ஆண்டெனா கலங்கரை விளக்கத்தைப் போன்றது. ஒளியைத் தூரத்துக்கு வீசும். விளக்கின் அடியில் நிற்பவருக்கு மிகக் குறைவாகவே விழும். முகப்புத் திசையில் 1000 வாட்டுக்கு இணையான வலுவுடன் ஓர் ஆண்டெனா வீசுவதாகக் கொண்டால், அதற்கு நேர் எதிரே 50 மீட்டர் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.03 வாட். பல நிறுவனங்களின் ஆண்டெனாக்கள் ஒரே டவரில் இருந்தால் இது கூடும். 2012 செப்டம்பர் 1 முதல் இந்திய அரசு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கை வரம்பாக நடைமுறைப்படுத்தியது. அதன்படி 1800 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.9 வாட், 900 மெகாஹெர்ட்ஸில் 0.45 வாட். எந்த ஆண்டெனாவும் பக்கத்து வீட்டு மொட்டை மாடியை நேருக்கு நேர் நோக்கி, அதே உயரத்தில், சில மீட்டர் தூரத்தில் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் கேள்வி எழுப்புவது உங்கள் உரிமை.

இராமேஸ்வரத்தின் 323 மீட்டர் உயர தூர்தர்ஷன் கோபுரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். உயரம் கூடக் கூட ஆண்டெனாவுக்கும் தரையில் நிற்பவருக்கும் இடையே தொலைவு கூடுகிறது. தொலைவு இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். பார்வைக்கு அச்சமூட்டுவது, அளவீட்டில் அச்சமூட்டுவதாக இருக்க வேண்டியதில்லை.

கடலுக்குப் போகும்போது போனையும் வயர்லெஸ் கருவியையும் வைத்திருப்பது எப்படி?

கரையில் சிக்னல் நன்றாக இருக்கும்போது போன் மெல்லப் பேசும். கரையை விட்டு விலக விலக உரக்கக் கத்தும். 4ஜி போன் அதிகபட்சமாக வெளியிடுவது சுமார் 0.2 வாட், டவர் அருகில் இருந்தால் அதில் மிகச் சிறு பங்கே போதும். ஆகவே டவர் இல்லாத ஊரில்தான் போன் நம் உடலுக்கு அருகில் கூடுதல் அலையை உமிழ்கிறது. டவரை எதிர்ப்போர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை நெட்வொர்க் எட்டிப்பார்க்கும் இடங்களில், அல்லது சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடங்களில், போனை இடுப்பு மடிப்பில் செருகி வைக்காமல் பையில் போட்டு வைக்கலாம். பேச வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் பேசலாம்.

விசைப்படகில் பொருத்தும் விஎச்எஃப் கருவி 25 வாட் வரை வெளியிடும். பேசும்போது அதன் ஏரியலைக் கையால் பிடிக்காமலும் அதை ஒட்டி நிற்காமலும் இருந்தால் போதும். கருவியை மட்டும் அணைத்து வைக்காதீர்கள். கச்சான் காற்று திடீரென்று வலுக்கும் நாளில் உயிரைக் காப்பது அதுதான்.

டவர் வந்த பிறகுதான் தலைவலி, தூக்கமின்மை, அடிக்கடி காய்ச்சல். இது கற்பனையா?

வலி கற்பனை அல்ல. ஆனால் காரணம் அலையா என்பதை ஆராய வழி உண்டு: அலை இருக்கிறதா இல்லையா என்பது சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் தெரியாதவாறு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பது. இத்தகைய 46 சோதனைகளைத் தொகுத்து லண்டன் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் பங்கேற்றிருந்தனர். தமக்கு அலை ஒத்துக்கொள்ளாது என்று நம்பியவர்களால், அலை இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் பிரித்தறிய முடியவில்லை. அலை இல்லாதபோதும் அவர்களுக்குத் தலை வலித்தது. அச்சமே உடலில் வலியாக வெளிப்படும் என்பதற்கு இது சான்று.

எனக்கு அறிமுகமான ஒரு பெண்மணிக்கு முதுகில் மாறி மாறிக் கட்டி வந்தது. வந்த சளி மாதக்கணக்கில் போகவில்லை. தெருமுனை டவரைக் காரணம் காட்டி ஓராண்டுக்கு மேல் மருத்துவரிடம் போகாமல் இருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்தபோது வெறும் வயிற்றில் 280 இருந்தது. சர்க்கரை நோய் வெள்ளணுக்களின் வேலையைக் கெடுக்கிறது என்பது மருத்துவ மாணவரின் பாடம். மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் கட்டிகள் நின்றன. டவர் இன்றும் அங்கேதான் இருக்கிறது. திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் சர்க்கரை, இரத்தசோகை, காசநோய், எச்ஐவி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கு ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

அப்படியென்றால் செல்போனால் எதிர்ப்பாற்றலுக்கு ஒரு கெடுதலும் இல்லையா?

உண்டு; ஆனால் அது அலையால் வருவதில்லை, விழித்திருப்பதால் வருகிறது. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாயிருந்த 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கருவி கொண்டு அளந்த பிறகு, சளி வைரஸை மூக்கில் சொட்டுகளாக விட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. தூக்கம் குறைந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பொருள் குறைவாகவே உருவாவதைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. நள்ளிரவு ஒரு மணி வரை போர்வைக்குள் வீடியோ பார்க்கும் பிள்ளையைக் குறித்துப் பெற்றோர் கவலைப்படுவது முற்றிலும் சரி. இரவு ஒன்பதரைக்கு மேல் போன் கூடத்து அலமாரியில் இருக்கட்டும். அலையைக் குறித்த அச்சம் இருந்தால் அதுவும் கூடவே குறையும்.

குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் தனி எச்சரிக்கை வேண்டுமா?

குழந்தையின் மண்டையோடு மெல்லியது; காதில் வைத்த போனின் அலை ஒப்பீட்டளவில் சற்று ஆழமாகச் செல்லும். எனவே நீண்ட பேச்சைத் தவிர்த்து ஸ்பீக்கரையோ இயர்போனையோ பயன்படுத்துவது செலவில்லாத முன்னெச்சரிக்கை. கருவுற்றவர்களுக்கும் இதையே சொல்வேன். இதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர், பதக்கம் விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்க வேண்டாம். ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுத்தால் போன் சிக்னலுக்காகக் கூடுதல் வலுவுடன் இயங்கும். தடுக்காவிட்டால் காசு வீண். பதக்கங்களில் இதைவிடப் பெரிய கேடு உண்டு. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜியிலிருந்து காப்பதாக விற்கப்பட்டவை உள்ளிட்ட பத்துப் பொருட்களைச் சோதித்து, அவை கதிரியக்கம் உள்ளவை என்றும் உடனே கழற்றிவிட வேண்டும் என்றும் எச்சரித்தது. இல்லாத ஆபத்துக்கு அஞ்சி, உண்மையான கதிரியக்கத்தைக் குழந்தையின் கழுத்தில் கட்டிவிடும் கொடுமை இது.

எங்கள் தெருவில் உண்மையான அளவு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் போனில் *#07# என்று அழுத்தினால் அதன் எஸ்.ஏ.ஆர். அளவு, அதாவது உடல் ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் அலையை உள்வாங்குகிறது என்பது, பெரும்பாலான போன்களில் திரையில் தோன்றும். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியாக அதை அளக்கிறார்கள். மேலே சொன்ன 0.08 வாட் முழு உடலுக்கானது; இது போனை ஒட்டிய சிறு பகுதிக்கானது.

டவருக்கு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் பகுதியை வரைபடத்தில் தேடி, அங்குள்ள டவர்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஐயம் தீராவிட்டால் அதே தளத்தில் 4000 ரூபாய் கட்டணம் செலுத்தி, நீங்கள் குறிப்பிடும் இடத்திலேயே அளந்து காட்டும்படி விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு இது பெரிய தொகைதான். ஆனால் தெருவில் நாற்பது வீடு சேர்ந்தால் வீட்டுக்கு நூறு ரூபாய். அளக்க வரும்போது வீட்டில் இருங்கள்; டவரை நேரே பார்க்கும் மொட்டை மாடியிலும், குழந்தைகள் படுக்கும் அறையிலும் அளக்கச் சொல்லி, கருவி காட்டும் எண்ணை அலகுடன் உங்கள் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.